இரும்புச் சட்டி ரசம்

அன்று புரட்டாசிச் சனிக்கிழமை. வாசலில் மாக்கோலம். அடுப்பில் புளிக்காய்ச்சல் கொதித்துக்கொண்டிருந்தது. கூடத்தில் என் வீட்டுக்காரர் நெற்றி நிறைய நாமத்தோடு உட்கார்ந்து, சிங்கப்பெருமாள் கோயிலுக்குக் கிளம்ப நேரமாகிவிட்டது என்று என்னை விரட்டிக்கொண்டிருந்தார். அப்போது பின்கதவை யாரோ தட்டினார்கள். தட்டினார்கள் என்பதைவிடச் சுரண்டினார்கள் என்று சொல்லலாம்.

திறந்தால் மாப்பிள்ளை நிற்கிறார். முன்வாசல் அகலத் திறந்திருக்கும்போது இவர் எதற்குத் துவைக்கிற கல்லைச் சுற்றிக்கொண்டு வருகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. கையில் ஒரு கறுப்புக் கவர். அதை உடம்பில் படாமல் கையை நீட்டிப் பிடித்திருந்தார், செத்த எலியை வெளியே போடப் போகிறவர் மாதிரி.

“அத்தை, சத்தம் போடாதீங்க. கயல் தூங்குறாளா?”

“தூங்குறா. இன்னா மாப்ள இது?”

“சுவரொட்டி.”

வெளியூர் வாசகர்கள் யாரும் போஸ்டர் என்று நினைத்துவிடாதீர்கள். சுவரொட்டி என்பது ஆட்டின் மண்ணீரல். உடம்பில் ரத்தம் குறைந்தவர்களுக்கு எங்கள் பக்கத்தில் எடுத்த எடுப்பில் சொல்கிற வைத்தியம் அதுதான்.

சொன்னவர் யார் என்பதுதான் விஷயம். மாப்பிள்ளை சுந்தரேசன் கும்பகோணத்துச் சைவக் குடும்பத்துப் பிள்ளை. கேக்கில் முட்டை இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் பிறந்தநாள் பாட்டே பாடுவார். புரட்டாசி மாதத்தில், அதுவும் சனிக்கிழமையில், ஊரே கறியை ஒதுக்கி வைத்திருக்கும்போது, இந்த மனிதர் கோவளத்தில் வண்டியை நிறுத்திக் கறிக்கடை ஏறியிருக்கிறார்.

“கடையில இன்னா சொல்லிக் கேட்டீங்க?” என்றேன். எனக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

“இரும்புச்சத்து இருக்கறது எதாவது குடுங்கன்னு கேட்டேன் அத்தை. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். புள்ளத்தாச்சிக்கா சார்னார். ஆமான்னேன். இதைக் கட்டிக் குடுத்துட்டார்.”

பிறகு குரலை இன்னும் இறக்கினார். “நல்லா வேகவச்சு ரசத்துல கலந்து வடிகட்டிட்டா தெரியாதாம். அவளுக்குத் தெரிய வேண்டாம் அத்தை.”

அந்தக் கவரை வாங்குவதா வேண்டாமா என்று நான் நின்றேனே, அந்த நிற்பைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

மீன் பெயர் வைத்த பெண்

நான் பிறந்தது கடப்பாக்கம். எங்கள் வீட்டில் மீன் வாங்கவில்லை என்றால் கடல் சரியில்லை என்று அர்த்தம். அந்த ஆசையில்தான் மகளுக்குக் கயல்விழி என்று பெயர் வைத்தேன். வைத்து என்ன பிரயோசனம்? கல்லூரி விடுதியிலிருந்து ஒரு விடுமுறைக்கு வந்தவள், நான் ஆசையாக வறுத்து வைத்த வஞ்சிரத்தைத் தட்டோடு தள்ளிவிட்டு, “இனிமே எனக்கு இது வேணாம்மா” என்றாள்.

ஏன்டி என்று கேட்டேன். வாசனை பிடிக்கவில்லை என்றாள். இன்னொரு நாள் கேட்டபோது, பாவமாக இருக்கிறது என்றாள். மூன்றாம் முறை கேட்டபோது, “சும்மாதாம்மா” என்றாள். இன்றுவரை எனக்குச் சரியான காரணம் தெரியாது. சைவ மாப்பிள்ளைக்காக விட்டாள் என்று சொந்தக்காரர்கள் பேசுவார்கள். அது பொய். விட்டுப் பல வருஷம் கழித்துத்தான் அவரையே பார்த்தாள்.

காரணம் தெரியாவிட்டாலும் அதில் அவளுக்கு எவ்வளவு பிடிவாதம் என்று தெரியும். மீன் வறுத்த தோசைக்கல்லில் ஊற்றிய தோசையைக் கழுவிய கல்தானே என்று கொடுத்துப் பாருங்கள். பசியோடு படுத்துவிடுவாள்.

எது சைவம்?

இந்தச் சைவம் என்ற சொல்லே எனக்குப் பிடிபட்டதில்லை. என் பிறந்த வீட்டில் சைவக் குழம்பு என்றால் மீன் போடாத குழம்பு. நாலு நெத்திலிக் கருவாடு கிள்ளிப் போட்டிருந்தால் அது கணக்கில் வராது.

கல்யாணம் ஆகி வந்தது மதுராந்தகம் பக்கத்து விவசாயக் குடும்பம். இவர்கள் சனிக்கிழமை சைவம், கிருத்திகை சைவம், புரட்டாசி முழுக்கச் சைவம். ஐப்பசி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கு எமகண்டம்.

பிறகு வேலை காரணமாக டவுன்ஷிப் குடியிருப்புக்கு வந்தோம். அங்கே எங்கள் வரிசையிலேயே எத்தனை விதம்! ஒரு வீட்டில் வெங்காயம் பூண்டுகூட ஆகாது. அடுத்த வீட்டு அம்மா முட்டையை ஆம்லெட்டாகத் தொடமாட்டார், கேக்கில் இருந்தால் சாப்பிடுவார். எதிர்வீட்டு வங்காளக்காரர் தன்னைச் சைவம் மாதிரிதான் என்று சொல்லிக்கொண்டு விரால் மீன் எங்கே கிடைக்கும் என்று என்னிடமே விசாரித்தார். இப்போது ஐடி கம்பெனிப் பிள்ளைகள் பாலும் தயிரும்கூட வேண்டாம் என்கிறார்கள். மோரும் இல்லாமல் எப்படித்தான் சோற்றை முடிப்பார்களோ, எனக்குப் புரியவில்லை.

ரத்தம்

கயல் பிரசவத்துக்கு எங்களிடம் வந்தபோதே வெளுத்துப்போயிருந்தாள். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் சிவப்பே இல்லை. செங்கல்பட்டில் அவளைப் பார்க்கிற டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, ரத்தம் ரொம்பக் குறைவு, மாத்திரையும் சாப்பாடும் சரியாக இருந்தால் ஏறிவிடும், ஏறாவிட்டால் பிரசவ நேரத்தில் ஆபத்து, பாட்டில் ஏற்ற வேண்டி வரும் என்றார். அடுத்த தடவையும் அதே பேச்சு. ஏறவில்லை.

என் அக்கா பிரசவத்தில் ரத்தம் போதாமல் போனவள். அதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பு இல்லை. அந்தப் பயம் என் வயிற்றில் எப்போதும் உண்டு என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். கயலிடம் நான் அதைக் காட்டிக்கொண்டதே இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எந்தக் கப்?

ஆஸ்பத்திரியில் ஒரு சத்துணவு அட்டை கொடுத்தார்கள். அதில் ஒரு தட்டை வரைந்து, பாதி காய்கறி, கால்வாசி தானியம், மீதிக் கால்வாசி புரதம் என்று பிரித்திருந்தார்கள். புரதம் என்ற இடத்தில் ஒரு மீனும் ஒரு முட்டையும் சிரித்துக்கொண்டிருந்தன. ஓரத்தில் சின்னதாகப் பருப்பு. என் பெண்ணின் பங்குக்கு அந்த ஓரம்தான்.

சரி, பருப்பையே பார்ப்போம் என்று போனில் சமையல் வீடியோக்களைத் திறந்தேன். அப்பப்பா, அது இன்னொரு கடல். ஒரு அம்மா பசலைக்கீரையை விட்டால் இரும்புச்சத்துக்கு வேறு கதியில்லை என்றார். அடுத்த வீடியோவில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர், பசலைக்கீரையில் இருக்கிற இரும்பு உடம்பில் ஒட்டவே ஒட்டாது என்றார். பீட்ரூட் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று நான் நம்பியிருந்தேன். நிறத்துக்கும் ரத்தத்துக்கும் சம்பந்தமில்லை என்று ஒரு பொடிப் பெண் கண்ணை உருட்டிச் சொல்லிவிட்டுப் போனாள்.

எள்ளுருண்டை நல்லது என்று பிடித்து வைத்தேன். கும்பகோணத்திலிருந்து சம்பந்தியம்மா போன் செய்து, “எள்ளா? மாசமா இருக்கறவளுக்கா? சூடும்மா அது!” என்று அலறினார். உருண்டை முழுவதையும் என் வீட்டுக்காரர் தின்று தீர்த்தார். அவருக்கு ரத்தம் ஏறியிருக்கும்.

இன்னொரு தொல்லை அளவு. ஒரு கப் கொண்டைக்கடலை, அரைக் கப் கேழ்வரகு என்கிறார்கள். எந்தக் கப் என்று யாரும் சொல்வதில்லை. எங்கள் வீட்டில் காபி கப் ஒன்று, தயிர் கப் ஒன்று, பரிசாக வந்த ராட்சசக் கப் ஒன்று. கயலிடம் கேட்டால், அவள் ஒரு ஆப்பைத் திறந்து கிராம் கணக்குச் சொல்வாள். நான் பழைய ஆழாக்கை எடுத்து அளந்து போடுவேன். ஒரு நாள் அடை பாறையாக வரும், ஒரு நாள் கூழாக வரும்.

“இன்னாடி சத்துணவு இது, எனக்குப் பேஜாராகீது” என்று சொன்னால் கயல் சிரிப்பாள். சிரித்துவிட்டு, பாறையோ கூழோ, சாப்பிட்டுவிடுவாள்.

மாத்திரை விஷயத்தில் மட்டும் எனக்குக் குழப்பமே இல்லை. இரும்பு மாத்திரை சூடு. ஆகவே தினமும் ஒரு டம்ளர் பால் காய்ச்சி ஆற்றி, அதோடுதான் கையில் கொடுப்பேன். எங்கள் வீட்டில் எந்த மாத்திரைக்கும் அதுதான் வழக்கம்.

இரும்புச் சட்டி

இத்தனை குழப்பத்துக்கு நடுவில் ஒரு யோசனை எல்லா வீடியோவிலும் ஒரே மாதிரி வந்தது. இரும்புச் சட்டியில் சமைத்தால் அந்த இரும்பு உணவில் கொஞ்சம் இறங்கும் என்பதுதான் அது. மாமியார் காலத்துச் சட்டி ஒன்று பரணில் கிடந்தது. இறக்கித் தேய்த்து எண்ணெய் தடவி, அதிலேயே ரசம் வைக்க ஆரம்பித்தேன்.

புளி பட்டதும் ரசம் கறுத்துப்போகும். துருப்பிடித்த ஆணியை நாக்கில் வைத்த மாதிரி ஒரு வாசனை வேறு. நான் ஒரு வாய் வைத்துப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மருந்து என்றால் அப்படித்தான் இருக்கும் என்று மிளகை அள்ளிப் போட்டு, முருங்கைக்கீரைச் சாற்றை விட்டுக் கொடுத்தேன். எப்படிச் செய்தேன் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கில் குடித்துவிடுவாள். “நல்லாகீதும்மா” என்று டம்ளரைத் திருப்பிக் கொடுப்பாள். குடித்து முடிக்கிறவரை நான் பக்கத்திலேயே நிற்பேன்.

இப்படியே நாட்கள் ஓடின. அடுத்த பரிசோதனை நெருங்கிவிட்டது. அவள் முகத்தில் மட்டும் நிறம் வரவில்லை. அப்போதுதான் மாப்பிள்ளை கறுப்புக் கவரோடு பின்கதவில் வந்து நின்றார்.

பின்கதவில்

உண்மையைச் சொல்கிறேன். மாப்பிள்ளை யோசித்தது எனக்குப் புதிதில்லை. எத்தனையோ தடவை எனக்கே தோன்றியிருக்கிறது. ரெண்டு சுவரொட்டியைச் சுட்டு, அரைத்து, மிளகு ரசத்தில் கலந்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று கணக்குப் போட்டிருக்கிறேன். ஒரு சைவக்காரர் வந்து அதையே சொன்னால் நான் கவரைப் பிடுங்கிக்கொண்டு அடுப்புக்கு ஓடியிருக்க வேண்டும்.

“வேணாம் மாப்ள” என்றேன். என் வாயா அது என்று எனக்கே ஆச்சரியம்.

“புரட்டாசின்னு பாக்கறீங்களா அத்தை? ஆபத்துக்குப் பாவமில்லைன்னு சொல்லுவாங்களே.”

“பெருமாள்கிட்ட நான் பேசிக்குவேன். அது இல்ல.”

“பின்ன?”

“எங்கம்மா குடுத்துதுன்னு கண்ண மூடிக்கினு குடிக்கிறா மாப்ள. அவகிட்ட போய் நான் எப்படி...”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்போது பார்த்தால் கண் கலங்கியிருந்தது. “எனக்கு பயமா இருக்கு அத்தை” என்றார். எனக்கு மட்டும் இல்லையா என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. அவர் தோளைத் தட்டி, முன்வாசல் வழியாக வந்து காபி குடிக்கச் சொன்னேன்.

கவரைப் பக்கத்து வீட்டு ரோஸியிடம் மதில் வழியாகக் கொடுத்தேன். கோவளத்துப் பெண். புரட்டாசி அவளை ஒன்றும் செய்யாது. “இன்னாக்கா, சனிக்கிழமை அதுவுமா எனக்கு வருது?” என்று வாங்கிக்கொண்டு போனவள், சும்மா இருந்தாளா? மிளகு போட்டு வறுத்து, தெருவையே தூக்கிவிட்டாள். நாமத்தோடு உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் மூக்கை மூக்கை உறிஞ்சி, “எவன் வூட்லடி சுவரொட்டி?” என்று ஏக்கமாகக் கேட்டார். கோவிந்தா போடுங்க என்று அடக்கினேன்.

நான் செய்தது சரியா தப்பா என்று அன்று முழுக்கத் தெரியவில்லை. பெண்ணின் உயிரைவிட அவள் கொள்கை பெரிதா என்று ஒரு மனசு திட்டியது. அவளிடமே நேராகக் கேட்டுவிடலாமா என்றும் நினைத்தேன். கேட்டால் பயந்துவிடுவாளோ என்று விட்டுவிட்டேன்.

டாக்டர் அறையில்

அடுத்த வாரம் மூன்று பேருமாகச் செங்கல்பட்டுக்குப் போனோம். டாக்டரம்மா ரிசல்ட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“மாத்திரை ஒழுங்கா போடறாளா?”

“நானே கையில குடுக்கறேன் டாக்டர். ஒரு நாள் விட்டதில்ல” என்றேன். அந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

“எதோட போடறா?”

“பாலோடதான். மாத்திரை சூடாச்சே.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். “பாலோடயா? ஆரம்பத்துலேர்ந்தா?”

“ஆமாம் டாக்டர்.”

“ஏம்மா, ஒரு கையால குடுத்துட்டு இன்னொரு கையால புடுங்கிட்டீங்களேம்மா! பால் இருந்தா இரும்பு உடம்புல சரியாச் சேராது. டீ, காபியும் அப்படித்தான். வெறும் தண்ணியில போடச் சொல்லுங்க. சாப்பாட்டுல எலுமிச்சம்பழம், நெல்லிக்காய், கொய்யா சேருங்க, அது சேர வைக்கும். அப்புறம் பி12 பாக்கணும். அது கீரையில எல்லாம் வராது. கொறைஞ்சிருந்தா ஊசி போட்டுக்கலாம்.”

இத்தனை வீடியோவில் ஒருத்தர்கூட மாத்திரையை எதோடு போடுகிறாய் என்று என்னைக் கேட்கவில்லையே! கேட்டிருந்தால்தான் என்ன, பாலோடு என்று பெருமையாகச் சொல்லியிருப்பேன்.

“சரி, அசைவம் சுத்தமா கெடையாதா? முட்டைகூட?” என்றார் டாக்டர்.

“ஒரு பொட்டுகூட கெடையாது டாக்டர்.”

அப்போது கயல் என் கையைப் பிடித்தாள். “அம்மா, டாக்டர்கிட்ட மறைக்காதம்மா.”

“நான் இன்னாத்த மறைக்கறேன்?”

“ரசத்துல போடறியே. சுவரொட்டி.”

மாப்பிள்ளை சுவரில் இருந்த குழந்தைப் படத்தை வெறித்துப் பார்த்தார்.

“எனக்கு மொதல் நாளே தெரிஞ்சுபோச்சும்மா. ரசம் கறுப்பா ஆச்சு, ரத்த வாசனை வந்துது. போன சனிக்கிழமை வேகற வாசனையே வந்துது. நான் எதுவும் சொல்லல. ஆனா டாக்டருக்குத் தெரியணும் இல்ல?”

எனக்கு வந்த ஆத்திரத்தில் இடம் பொருள் தெரியவில்லை. “அடிப்பாவி! பெத்தவளப் பாத்தா சொல்ற? அது இரும்புச் சட்டிடி! உங்க ஆயா சட்டி! சனிக்கிழமை வந்தது ரோஸி வூட்டு வாசனை!”

டாக்டரம்மா முதலில் சிரித்தார். புளியும் இரும்பும் சேர்ந்தால் அந்த நிறம்தான், அந்த வாசனைதான் என்று அவளுக்கு விளக்கினார். கயல் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கவலைப்படுகிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பாலை மாற்றி, ஊசி போட்டு, ரத்தம் மெதுவாக ஏறியது. குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது அந்தப் பிரசவம் அல்ல, அன்று வீட்டுக்குத் திரும்பிய வழிதான்.

திரும்பும் வழியில்

மாப்பிள்ளை வண்டி ஓட்டினார். நாங்கள் இருவரும் பின்சீட்டில். நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டேன். நான் அவளை ஏமாற்றக்கூடாது என்று மனசுக்குள் அடித்துக்கொண்டு கிடந்தேன். இவளோ முதல் நாளிலிருந்தே என்னைத் திருடியாக்கி வைத்திருக்கிறாள். வயிறு எரியாதா?

கொஞ்ச தூரம் போனதும் மாப்பிள்ளையே வாயைத் திறந்தார். “கயல், சனிக்கிழமை அதை வாங்கிட்டு வந்தது நான்தான். அத்தை தொடமாட்டேன்னுட்டாங்க.”

கயல் முன்கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. திரும்பினேன்.

“ஏன்டி, கலந்துகீதுன்னு நெனச்சியே, அப்புறம் ஏன் குடிச்ச? டம்ளரத் தூக்கிக் கெடாச வேண்டியதுதானே? கழுவுன தோசக்கல்லுக்கே பட்டினி கெடந்தவதானே நீ?”

“கேட்டா நீ நிறுத்திடுவம்மா.”

“நிறுத்தட்டுமே. அதத்தானே நீ கேப்ப?”

“நிறுத்திட்டு இன்னா பண்ணுவ? கொல்லப்பக்கம் போய் அழுவ. நீ பயந்துகினு கீறது எனக்குத் தெரியாதா? பெரியம்மா போட்டோகிட்ட நின்னு நீ பேசறதெல்லாம் எனக்குக் கேக்காதா?” என்றாள். “நான் குடிச்சு முடிச்சாதான் உம் மூஞ்சி தெளியுது. அதான் மூச்சப் புடிச்சிக்கினு குடிச்சேன்.”



அவள் துப்பட்டா நுனியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி கேட்டாள்.

“அப்போ நான் இன்னும் சைவம்தானாம்மா?”

“சைவம்தான்டி. சத்தியமா சைவம்தான்.”

அவ்வளவுதான். முகத்தைத் துப்பட்டாவில் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். மாப்பிள்ளை வண்டியை ஓரம் கட்டினார். அவள் அழுது முடிக்கிறவரை நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.